பதினான்கு நிமிடக் குட்டியும் பதினேழாம் எண் ஆடும்

ஐம்பத்து மூன்று ஆடுகளுக்கு நூற்றுத் தொண்ணூறு கருக்கள் வைத்தார்கள். உயிரோடு வெளியே வந்தது ஒரே ஒரு குட்டி. அது மூச்சு விட்டது பதினான்கு நிமிடம். இவ்வளவும் ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கையில் இருக்கிறது. ஐம்பத்து மூன்றில் பதினாறு ஆடுகள் செத்துப்போனது அறிக்கையில் இல்லை. அது தீவனக் கிடங்குக் கதவின் உள்பக்கம் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறது. எழுதியவர் பட்டியக்கா.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. இயக்குநரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் பட்டியக்காதான். இருபத்திரண்டு வருடமாக ஆட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறார். காலை ஆறரைக்கு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், புழுக்கை கூட்டி, தண்ணீர்த் தொட்டி கழுவி, தீவனம் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு ஆடும் தின்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் தன் டிபன் பாக்ஸைத் திறப்பார். எந்த ஆடு இருமினாலும் முதுகைத் திருப்பிக்கொண்டே எண்ணைச் சொல்லிவிடுவார். விரல் நகங்களில் அயோடின் கறை போவதே இல்லை. விசேஷ வீடுகளில் கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொள்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சோம்பேறி. காகிதம். கரு வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு தகுதித் தாள் வேண்டும். நன்றாகத் தின்கிறது, தையல் ஆறிவிட்டது, குட்டிக்குப் பால் கொடுக்கும் நிலையில் இல்லை என்று மூன்று வரி. கீழே பராமரிப்பாளர் கையெழுத்து, அதற்கும் கீழே மருத்துவர் கையெழுத்து. மாதம் பிறந்ததும் குமாஸ்தா ஒரு கட்டு வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டு, சரியாகத் தீவனம் போடும் நேரத்தில் வந்து நிற்பார்.

"அக்கா, போட்டுக் குடுத்துருங்க. அப்புறம் வேணும்கறப்ப நாங்க நிரப்பிக்கறோம்."

பட்டியக்கா கையைத் துடைத்துக்கொண்டு, தவிட்டு மூட்டையின் மேல் வைத்துக் கடகடவென்று ஐம்பது கையெழுத்தையும் போட்டுவிடுவார். எதிரே நாற்பது ஆடு கத்திக்கொண்டிருக்கும்போது யார் படித்துப் பார்த்தார்கள்?

ஆராய்ச்சி நிலையத்தின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதற்குள் பஞ்சடைத்த மலையாடு ஒன்று, முதுகில் கழுத்திலிருந்து வால் வரை கறுப்புப் பட்டையோடு நிற்கிறது. கருமுதுகு மலையாட்டு இனத்தில் கடைசி உருப்படி. செத்து இருபத்தெட்டு வருடமாகிறது. சாவதற்கு முன் அதன் காதிலிருந்து வெட்டி எடுத்த தோல் துண்டு உறைகுளிரில் இருக்கிறது. அந்தத் தோலிலிருந்து உயிரணுவை எடுத்து, வீட்டு ஆட்டின் முட்டைக்குள் செலுத்தி, வளர்ந்த கருவை வேறொரு வீட்டு ஆட்டின் வயிற்றில் வைத்தால், அற்றுப்போன இனம் திரும்பி வந்துவிடும். திட்டம் இதுதான். பதிவேட்டில் வீட்டு ஆட்டுக்கு 'ஆடு' என்ற பெயர் கிடையாது. தாங்கி. தாங்கி ஒன்று, தாங்கி இரண்டு என்று ஐம்பத்து மூன்று வரை. செய்தித்தாள்காரர்கள் மட்டும் வாடகைத் தாய் என்று எழுதினார்கள்.

"வாடகைன்னா என்ன அர்த்தம்? இஷ்டப்பட்டு விடணும், பதிலுக்கு ஏதாவது வாங்கணும்" என்று பட்டியக்கா அதைப் படித்த அன்றைக்குச் சொன்னார். "இதுங்க எதை வாங்குச்சு? ஊசியத்தான் வாங்குச்சு."

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், திட்டத்துக்கு நன்கொடை கொடுத்த நிறுவனத்தின் பெயர் பித்தளை எழுத்தில் மின்னும். கல்குவாரி நிறுவனம். பட்டியக்காவின் வீட்டுக்காரர் அங்கேதான் டிப்பர் லாரி ஓட்டுகிறார். திட்டம் தொடங்கிய வாரம், சாப்பிட உட்கார்ந்தபோது அவர் கேட்டார்.

"ஏம்மா, அந்த ஆடு பொழைச்சு வந்துருச்சுன்னு வை. எங்க கொண்டுபோய் விடுவாங்க?"

"மலையிலதான். வேறெங்க?"

"எந்த மலை?"

"முன்கூடத்துல பெருசா படம் மாட்டியிருக்காங்களே, அந்த மலை."

"அடக் கடவுளே. அதுல பாதிய நானே ஏத்திட்டுப் போய்க் கொட்டிட்டேனே. மீதி இன்னும் ரெண்டு வருஷம் தாங்காதுன்னு மேஸ்திரி சொல்றார்." ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு, "உன் ஆட்ட வேணும்னா லாரியிலயே ஏத்திட்டுப் போறேன். இறக்கி விடறதுக்கு இடம் மட்டும் நீ காட்டு" என்றார்.

பட்டியக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அப்போது அது நகைச்சுவையாகத்தான் இருந்தது.

பதினேழாம் எண் வெள்ளை ஆடு. இடது காது நுனி கிழிந்திருக்கும். முதல் தடவை வைத்த கரு நாற்பதாம் நாள் கலைந்தது. இரண்டாம் தடவை குட்டி வயிற்றுக்குள்ளேயே செத்து, கிழித்து எடுத்தார்கள். மூன்றாம் தடவை கரு தங்கியது. மாதங்கள் ஓடின. நிலையமே அந்த ஒரு வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை கொட்டகைப் பக்கமே தலைகாட்டாத இயக்குநர் வாரம் இருமுறை மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து போனார்.

குட்டியை அறுவை செய்து எடுப்பது என்று முடிவானது. தேதி குறித்து விருந்தினரை அழைத்தார்கள். அறுவை அறைக்கு வெளியே, பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்பது நாற்காலி. கல்குவாரி முதலாளி முன்வரிசையில். கேமராக்காரர்கள் ஓரமாக. ஆட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள மட்டும் பட்டியக்காவை உள்ளே விட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் ஆடு விழித்தபடியே கிடந்தது. பட்டியக்கா அதன் கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

பத்து நாற்பதுக்கு, நிலையத்தின் கால்நடை மருத்துவரான டாக்டரம்மா குட்டியைத் தூக்கினார். நனைந்த முதுகில் கறுப்புப் பட்டை. கண்ணாடிக்கு அப்பால் நாற்பது பேரும் எழுந்து கைதட்டினார்கள். சத்தம் கேட்கவில்லை. கைகள் அடித்துக்கொள்வது மட்டும் தெரிந்தது. ஒரு துவாலையால் குட்டியைத் துடைத்து வெப்பப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஆடு தொண்டைக்குள்ளிருந்து ஒரு குரல் கொடுத்தது. புதிதாகப் பிறந்த குட்டியை அழைக்க மட்டும் தாய் ஆடு கொடுக்கும் குரல், வாயைத் திறக்காமல் வரும். ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்தவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சார், ஒரே ஒரு நிமிஷம் குட்டிய மூக்குகிட்ட காட்டிடுங்க" என்றார் பட்டியக்கா.

"தாங்கியை வெளியே கொண்டுபோங்க" என்றார் இயக்குநர்.

குட்டி நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை விழுங்கப் பார்த்தது. விலா ஏறியது, நெஞ்சு நிரம்பவில்லை. நாக்கு நீலமானது. பத்து ஐம்பத்து நாலுக்கு டாக்டரம்மா தன் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

அடுத்த அரைமணி நேரம் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் செத்த குட்டியைச் சுற்றி நின்றார்கள். ஊசியில் ரத்தம் எடுத்தார்கள், தோல் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். தையல் போட்ட ஆட்டைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவர் பட்டியக்கா ஒருவர்தான். மரத்துப்போன பின்னங்காலை இழுத்துக்கொண்டு அது எழுந்திருக்கப் பார்த்தது, அதே குரலில் கூப்பிட்டபடி. மடியில் பால் கட்டி, காம்பு விறைத்திருந்தது.

அன்று காலைதான் பக்கத்துத் தொழுவத்தில் சாதாரண ஆடு ஒன்று குட்டி போட்டுவிட்டுச் செத்திருந்தது. பழுப்பு நிறப் பெட்டைக்குட்டி, புட்டிப் பாலுக்கு வாய் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. ஆடு வளர்க்கும் எவரும் இப்படிப்பட்ட நேரத்தில் செய்வதைத்தான் பட்டியக்காவும் செய்தார். அறுவை அறைக்குத் திரும்பிப்போய், கழிவு வாளியில் கிடந்த துவாலையை எடுத்துவந்தார். செத்த குட்டியின் ஈரம் அதில் இன்னும் காயவில்லை. அதைக்கொண்டு பழுப்புக் குட்டியைத் தலை முதல் வால் வரை அழுத்தித் தேய்த்து, பதினேழாம் எண்ணின் மூக்கருகே விட்டார். மணி பதினொன்றே கால். ஆடு மோந்தது. பின்பக்கத்தை மறுபடி மோந்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. பத்தே நிமிடத்தில் குட்டி சீம்பால் குடித்துக்கொண்டிருந்தது.

பட்டியக்கா துவாலையை அலசிக் கொடியில் காயப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

தவறு அதுதான். மறுநாள் ஆய்வகப் பட்டியலைச் சரிபார்த்தபோது, 'துடைத்த துவாலை, ஒன்று' காணவில்லை. குட்டியின் உடம்பில் பட்ட ஒவ்வொரு பொருளையும் உறையிலிட்டு முத்திரை வைக்க வேண்டும் என்பது உத்தரவு. பட்டியக்காவிடம் அதை யாரும் சொல்லவில்லை. தேடி வந்தவர்கள் கொடியில் வெள்ளை வெளேரென்று ஆடிய துவாலையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

குட்டி ஏன் செத்தது என்று நன்கொடையாளர் கேட்டுக்கொண்டிருந்த நேரம். பத்து நாள் கழித்து நோட்டீஸ் வந்தது. 'அபூர்வ உயிரின் இழப்புக்கு, அறுவை அறைத் துணிகளை விதிமீறிக் கையாண்ட பராமரிப்பாளரின் சுகாதாரக் குறைவு காரணமாக இருக்கலாம்.'

மகள் அதை வாசித்துக் காட்டினாள். வீட்டுக்காரர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். "'இருக்கலாம்'னுதானே போட்டிருக்கு?"

"மாப்பிள்ளை நல்லவரா இருக்கலாம்னு சொல்லித்தான் என்னையும் உங்களுக்குக் கட்டிவச்சாங்க" என்றார் பட்டியக்கா. "செத்தப்புறம் எடுத்த துணி எப்படிங்க கொல்லும்? இருபத்திரண்டு வருஷம் கையால புள்ளை பெறவச்சவள, கொன்னவள்னு எழுதியிருக்கான்!"

அன்று அவர் சாப்பிடவில்லை.

டாக்டரம்மாவை நடைபாதையில் மடக்கினார். முப்பது வயதுகூட ஆகாத பெண். கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"நுரையீரல் விரியவே இல்லக்கா. வயித்துல இருக்கும்போதே அப்படித்தான் உருவாகியிருக்கு. இந்த முறையில பொறக்கிற குட்டிங்களுக்கு இப்படி ஆகறது உண்டு. யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாது."

"இது முன்னாடியே தெரியுமா?"

"ஆகலாம்னு தெரியும்."

"தெரிஞ்சேதான் ஐம்பத்து மூணு வயித்தக் கிழிச்சீங்களா?"

டாக்டரம்மா சுவரோரமாக நகர்ந்தார்.

"சரி, நுரையீரல் சமாசாரத்த எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்துட்டேன். ஃபைல் சார்கிட்ட இருக்கு."

"ஃபைல் அவர்கிட்ட இருக்கு. நோட்டீஸ் என்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பட்டியக்கா நடையைக் கட்டினார்.

விசாரணை குட்டி செத்த பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, இயக்குநர் அறையில் நடந்தது. மேசைக்குப் பின்னால் இயக்குநர். ஓரத்தில் டாக்டரம்மா. சன்னல் பக்கம் குமாஸ்தா, முத்திரைக் கட்டையும் மைப்பெட்டியும் சகிதம். பட்டியக்காவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை.

இயக்குநர் குரலை உயர்த்தாத மனிதர். "பாருங்கம்மா, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. 'தெரியாம நடந்துபோச்சு'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, எச்சரிக்கையோட முடிச்சுக்கலாம். அப்புறம் அந்தப் பழுப்புக் குட்டியை இன்னைக்கே பிரிச்சுடுங்க."

"எதுக்கு சார் பிரிக்கணும்?"

"திங்கட்கிழமை பன்னிரண்டு தாங்கிக்குக் கரு வைக்கிறோம். அதுல பதினேழும் இருக்கு. உயிரோட குட்டி குடுத்தது அது ஒண்ணுதான். அதை விட்டா எப்படி?"

"தையல் பிரிச்சு ஒரு வாரம் ஆகல சார். எட்டு வாரமாவது விடணும்னு நீங்கதானே விதி போட்டீங்க?"

"நன்கொடையாளர் கூட்டத்துக்கு நாள் நெருங்கிடுச்சு. விதியை மாத்தியாச்சு."

"பால் குடுக்கற ஆட்டுக்கு வைக்கக் கூடாதுங்கற விதி?"

"அது மாறல. ஆனா அது பால் குடுக்கலையே. நீங்களே சொல்லியிருக்கீங்க." இயக்குநர் மேசையில் இருந்த தகுதித் தாள் கட்டின் மேல் தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். தாங்கி 17. நன்றாகத் தின்கிறது. தையல் ஆறிவிட்டது. பால் கொடுக்கும் நிலையில் இல்லை. மூன்று வரிக்கு எதிரேயும் தட்டச்சில் 'ஆம்'. கீழே பட்டியக்காவின் கையெழுத்து, ஓரத்தில் தவிட்டுத் தூசி ஒட்டிய விரல்தடத்தோடு. மாத முதல் தேதி போட்டது. அன்றைக்குப் பதினேழாம் எண்ணின் வயிறு பானை மாதிரி இருந்தது.

பட்டியக்காவுக்குக் காது மடல் கொதித்தது. ஐம்பத்து மூன்று ஆட்டுக்கும் இப்படித்தானே போயிருக்கும். செத்த பதினாறும் இவர் கையெழுத்தில்தானே அறுவை மேசை ஏறியிருக்கும். காய்ச்சலில் நடுங்கிய முப்பத்தொன்றாம் எண்ணைக் கூட்டிக்கொண்டு போனபோது, 'படிச்சவங்க பார்த்துக்குவாங்க' என்று விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. படித்தவர்கள் பார்த்தது இவர் கையெழுத்தை.

"நீங்க சின்ன விஷயத்தைப் பெருசு பண்றீங்க" என்று இயக்குநர் தொடர்ந்தார். "ஒரு இனத்தையே மனுஷன் சுட்டுத் தின்னு அழிச்சான். அதைத் திருப்பிக் கொண்டுவர்ற கடமை நமக்கு இருக்கு. அதுக்கு முன்னாடி சில வீட்டாடுங்க பெருசா?"

"யாருக்கு சார் திருப்பிக் குடுக்கறீங்க?" பட்டியக்காவின் குரல் வெளி வராந்தா வரைக்கும் கேட்டது. "எங்க வீட்டுக்காரர் தினம் ஏழு நடை அந்த மலையத்தான் லாரியில ஏத்திக் கொட்டறார். இடிக்கிற கம்பெனி பேர உங்க வாசல்ல பித்தளையில அடிச்சு வச்சிருக்கீங்க. குடியிருந்த இடத்தக் காலி பண்ணிட்டு, செத்தவங்கள எழுப்பி வாங்க வாங்கன்னா, அது எங்க வந்து நிக்கும்? உங்க கண்ணாடிப் பெட்டியிலயா? பொறந்த குட்டி மூச்சுக்குத் தவிக்கறப்ப வெளியில கைதட்டினாங்க சார். நான் பார்த்தேன். இப்ப அதே வயித்த மூணு வாரத்துல மறுபடி கிழிக்கணும், பழி என் தலையில, கையெழுத்தும் என்னோடது!"

"பட்டியக்கா, மெதுவா..." என்றார் குமாஸ்தா.

"பேனா குடுங்க."

கையெழுத்துப் போடப்போகிறார் என்று நினைத்து இயக்குநரே தன் பேனாவை நீட்டினார். பட்டியக்கா பதினேழாம் எண்ணின் தாளை இழுத்து, தன் கையெழுத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்தார். பக்கத்து வெற்றிடத்தில், குண்டு குண்டாக எழுதினார்: 'பால் கொடுக்கிறது. இன்று காலை பார்த்தேன்.' தேதி போட்டார். புதிதாகக் கையெழுத்திட்டார். தாளைப் பக்கவாட்டில் தள்ளினார்.

குமாஸ்தாவுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. மை காயாத கையெழுத்தோடு எந்தத் தாள் முன்னால் வந்தாலும் முத்திரை குத்தி, வரிசை எண் போட்டு, தடித்த பதிவேட்டில் ஏற்றிவிடுவார். முப்பது வருடப் பழக்கம், மூளையைக் கேட்காமல் கை செய்யும். இப்போதும் செய்தது. டப் என்று சத்தம் கேட்ட பிறகுதான் அவர் தலையைத் தூக்கினார். முத்திரை விழுந்த தாளைக் கிழிக்க முடியாது, மாற்றவும் முடியாது. நகல் வெளியிலிருந்து வரும் விலங்கு நலக் குழுவுக்குப் போயாக வேண்டும்.

"யோவ்!" என்றார் இயக்குநர், முதல் தடவையாகக் குரலை உயர்த்தி.

"பழக்கதோஷம் சார்" என்றார் குமாஸ்தா, வியர்த்துப்போய்.

"மத்த பதினொன்னும் குடுங்க" என்றார் பட்டியக்கா. "ஒவ்வொரு ஆடா பார்த்துட்டுப் போடறேன். இத்தனை வருஷத்துல இன்னைக்காவது வேலையை ஒழுங்கா செய்யறேன்."

"அதெல்லாம் தேவையில்ல" என்றார் இயக்குநர்.

தாள்கள் டாக்டரம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவர் தரையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் தாள் கட்டை எடுத்துப் பட்டியக்கா பக்கம் நகர்த்தினார். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: "சார், துவாலை வெளிய போனது பதினொன்னே காலுக்கு. குட்டி செத்தது பத்து அம்பத்து நாலுக்கு. என் ரிப்போர்ட்ல நேரம் இருக்கு."

பட்டியக்கா தாள்களோடு கொட்டகைக்குப் போனார். பதினொரு ஆட்டையும் நிறுத்தி, காய்ச்சல் பார்த்து, தையலைத் தடவி, வாய்க்கு நேரே தீவனத்தை நீட்டிப் பார்த்தார். ஏழு தாள்களில் கையெழுத்தை அடித்துக் காரணம் எழுதிப் பதிவுக்குக் கொடுத்தார். நான்கு ஆடுகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அந்த நான்கையும் அடிக்க அவருக்குப் பொய்க் காரணம் கிடைக்காமல் இல்லை. அரைமணி நேரம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அடிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் அவருக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து கொட்டகைக்கு வேறு ஆள். புதியவரிடம் சாவியைக் கொடுத்தபோது பட்டியக்கா இரண்டு விஷயம் மட்டும் சொன்னார். பதினேழாம் எண்ணுக்குத் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக வேண்டும். எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

நலக் குழு அடுத்த மாதம் இரண்டாம் தேதி வருகிறது. பட்டியக்காவையும் டாக்டரம்மாவையும் அன்றைக்கு அழைத்திருக்கிறார்கள். பழுப்புக் குட்டி பால் மறக்கத் தொண்ணூறு நாள் ஆகும். அதில் இன்னும் எழுபத்தொரு நாள் பாக்கி இருக்கிறது. பதிவேட்டில் 'பால் கொடுக்கிறது' என்று ஏறிவிட்டதால், அதுவரை பதினேழாம் எண்ணை அறுவை மேசையில் ஏற்ற முடியாது.